ஐ5-ஆ, ரைசன் 5-ஆ? கேமிங் கணினிக்குக் கட்டுப்படியாகும் பிராசசர் எது

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் இரண்டு கொட்டேஷன்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஒன்றில் இன்டெல் நிறுவனத்தின் ஐ5 பிராசசர், மற்றொன்றில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5. கீழே ஒரே வரி: "மாமா, இதுல எது?" பிராசசர் விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். மொத்தத் தொகையில் பல ஆயிரம் வித்தியாசம் இருந்தது. அவன் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறான். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

புதிதாகக் கணினி சேர்க்கும்போது பிராசசரை மட்டும் தனியாக வாங்கிப் பயனில்லை. அதோடு ஒரு மதர்போர்டு, அந்தப் போர்டு ஏற்கும் ராம், சில நேரம் ஒரு கூலர் எல்லாம் சேர்ந்தே வரும். ஆகவே ஒப்பிட வேண்டியது இந்தக் கூட்டத்தின் மொத்த விலையை. கீழே எழுதியிருப்பது முழுக்க அந்தக் கணக்குதான். நடுத்தரச் செலவில் விளையாட்டுக்கென்று கணினி சேர்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீடியோ எடிட்டிங்கே பிழைப்பு என்றிருப்பவருக்குக் கணக்கு வேறு.

தமிழில் 'செயலி' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் செயலி என்றால் இப்போது போனில் போடும் ஆப்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. அதனால் கடையில் கேட்கிற மாதிரி பிராசசர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

திரையும் விளையாட்டும். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, யார் யாரைச் சுட்டார்கள், சுவர் எப்போது இடிகிறது என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிடும். அதைப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டில் எது மெதுவோ, அதன் வேகம்தான் உங்கள் வேகம். 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 முறை படம் மாற்றும் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு (ஒரு படத்துக்கு) 16.7 மில்லி வினாடி கிடைக்கிறது. 144 ஹெர்ட்ஸில் 6.9. 240 ஹெர்ட்ஸில் வெறும் 4.2. திரை வேகமாக ஆக ஆக பிராசசருக்குத்தான் மூச்சு முட்டும். திரையின் ரெசல்யூஷன், அதாவது புள்ளிகளின் எண்ணிக்கை, கூடினால் சுமை கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழும்.

வாலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவை கார்டிடம் அதிகம் கேட்பதில்லை. ஃப்ரேம் எண்ணிக்கையை அங்கே பிராசசர்தான் தீர்மானிக்கிறது. சைபர்பங்க் 2077 போன்ற, காட்சிக்காகவே ஆடும் விளையாட்டுகளில் உயர் அமைப்பு வைத்தால் முதலில் திணறுவது கார்டு. நகரம் கட்டும் விளையாட்டுகளில், ஊர் பெரிதாகப் பெரிதாகப் பிராசசர் தவிக்கும்.

கையில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் விளையாட்டைத் திறந்து ரெசல்யூஷனை 720-க்கு இறக்குங்கள், மற்ற அமைப்புகளைத் தொடாதீர்கள். எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்) குதித்து ஏறினால் கார்டுதான் முட்டுக்கட்டை, பிராசசரை மாற்றிப் பயனில்லை. அப்படியே நின்றால் பிராசசரைக் கவனிக்க வேண்டிய நேரம்.

பிராசசர், போர்டு, ராம்: மூன்றின் கூட்டுத்தொகை. 2025 கடைசியில் இந்தக் கணக்கே புரண்டுவிட்டது. ஏஐ தரவு மையங்களுக்கு விற்பதில் லாபம் அதிகம் என்று மெமரி சிப் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்ப, நாம் வாங்கும் ராம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. முன்பெல்லாம் ராமைக் கடைசி வரியாகச் சேர்ப்போம். இப்போது அதை முதலில் விசாரித்துவிட்டுத்தான் பிராசசர் பக்கமே திரும்ப வேண்டும். கொட்டேஷனில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை சொல்லும் விலையும் பக்கத்துக் கடை சொல்லும் விலையும் வேறுபடப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்த மாற்றம். மூன்று வருடம் கழித்துப் போர்டை வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்ற முடியுமா?

சூடும் கரண்டும். ஏசி இல்லாத அறை, மே மாதம், மதியம் இரண்டு மணி. அந்த நிலையில் கணினி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

உத்தரவாதம். பெட்டியோடு வருகிறதா, வெறும் டிரேயில் வருகிறதா? கெட்டுப்போனால் யாரிடம் போவது?

விவரங்களை முதலில் ஒரே பார்வையில் வைத்துவிடுகிறேன். கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, திரெட் என்பது ஒரே நேரத்தில் அது கையாளும் வேலைகளின் எண்ணிக்கை, சாக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம், டிடிஆர்4-உம் 5-உம் ராமின் தலைமுறைகள்.

| பிராசசர் | கோர் / திரெட் | எல்3 கேச் | சாக்கெட் | ராம் | உள்ளே கிராஃபிக்ஸ் | பெட்டியில் கூலர் |
|---|---|---|---|---|---|---|
| ஐ3-12100எஃப் | 4 / 8 | 12 எம்பி | எல்ஜிஏ1700 | டிடிஆர்4 அல்லது 5, போர்டைப் பொறுத்து | இல்லை | உண்டு |
| ஐ5-12400எஃப் | 6 / 12 | 18 எம்பி | எல்ஜிஏ1700 | டிடிஆர்4 அல்லது 5, போர்டைப் பொறுத்து | இல்லை | உண்டு |
| ரைசன் 5 5600 | 6 / 12 | 32 எம்பி | ஏஎம்4 | டிடிஆர்4 | இல்லை | உண்டு |
| ரைசன் 5 7500எஃப் | 6 / 12 | 32 எம்பி | ஏஎம்5 | டிடிஆர்5 | இல்லை | வாங்கும் விதத்தைப் பொறுத்து |
| ரைசன் 5 7600 | 6 / 12 | 32 எம்பி | ஏஎம்5 | டிடிஆர்5 | சிறியது உண்டு | உண்டு |
| ரைசன் 7 7800எக்ஸ்3டி | 8 / 16 | 96 எம்பி | ஏஎம்5 | டிடிஆர்5 | சிறியது உண்டு | இல்லை |
| ரைசன் 5 8600ஜி | 6 / 12 | 16 எம்பி | ஏஎம்5 | டிடிஆர்5 | பெரியது உண்டு | உண்டு |

கேச் என்ற எண்ணைப் பல விளம்பரங்களில் பெரிதாகப் போடுவதில்லை. விளையாட்டுக்கு அது முக்கியம். அடுப்புப் பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி இருப்பது மாதிரிதான் கேச். கடுகு, சீரகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அதில் இல்லாததற்கு அலமாரி வரை நடக்க வேண்டும், அந்த அலமாரிதான் ராம். அஞ்சறைப்பெட்டி பெரிதாக இருந்தால் நடை குறைகிறது. ஆறு கோர் பிராசசர் ஒன்று, கேச் அதிகம் என்பதாலேயே எட்டு கோர் பிராசசரை விளையாட்டில் முந்துவது இப்படித்தான்.

## ஐ3-12100எஃப்: கையைக் கடிக்காதது

2022 ஜனவரியில் வந்தது. நாலே கோர்தான். 60 ஹெர்ட்ஸ் திரை, நடுத்தரக் கார்டு, இரவில் இரண்டு மணி நேர விளையாட்டு என்றால் இது போதும். இதை எடுத்துவிட்டு மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடுவது புத்திசாலித்தனம்.

விளையாடும்போதே டிஸ்கார்டு, பத்து டேபோடு குரோம், பின்னால் ஒரு பதிவிறக்கம் என்று ஓட விட்டால் நாலு கோர் தடுமாறும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத்தான் தெரியும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது அரை வினாடி படம் சிக்கி நிற்கும். யூடியூப் ஒப்பீடுகளில் '1% லோ' என்று ஒரு எண் காட்டுவார்களே, இந்தச் சிக்கலைக் காட்டுவது அதுதான். சராசரியை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் ஆறு கோரை எதிர்பார்த்தே செய்யப்படுகின்றன. ஆக, 12400எஃப் வாங்க அடுத்த மாதம் வரை காத்திருந்தால் முடியும் என்றால், காத்திருக்கச் சொல்வேன்.

## ஐ5-12400எஃப்: கடைக்காரரின் பதில்

எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் முதலில் வரும் பெயர் இதுதான். அதில் தவறில்லை. ஆறு முழு கோர், அளவான சூடு, பெட்டியிலேயே கூலர். டிடிஆர்4 போர்டிலும் உட்காரும், டிடிஆர்5 போர்டிலும் உட்காரும். பழைய கணினியில் டிடிஆர்4 ராம் இருந்தால் அதையே எடுத்துப் போடலாம் என்பது இன்றைய ராம் விலையில் பெரிய விஷயம். போர்டு வாங்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், பிறகு மாற்ற முடியாது.

ஒளிந்திருக்கும் செலவு போர்டில்தான். விலை குறைந்த எச்610 போர்டுகளில் ராமுக்கு இரண்டே இடம். டிடிஆர்4 ராமை 3200-க்கு மேல் ஓட்டவும் விடாது. எட்டு எட்டு ஜிபியாக இரண்டு போட்டுவிட்டால் இடம் முடிந்தது. பிறகு கூட்ட வேண்டும் என்றால் இரண்டையும் கழற்றி விற்க வேண்டும். பி660 அல்லது பி760 போர்டுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கே போனதும் விலை ரைசன் 7500எஃப் கூட்டத்துக்கு அருகில் போய்விடுகிறது.

65 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும். முழு வேகத்தில் 117 வாட் வரை போக அனுமதி உண்டு. விளையாட்டில் அவ்வளவு எட்டுவது அரிது. இந்த 65 என்ற எண்ணை நம்பி யுபிஎஸ் கணக்குப் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 என மூன்று தலைமுறைகளோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் இன்டெல் வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது. நாளைக்கு இதே போர்டில் 14-ஆம் தலைமுறை ஐ7 ஒன்றைப் பழைய பொருளாக வாங்கிப் போடலாம், அதற்கு மேல் வழியில்லை. அப்படிப் போடுவதானாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய மாடல்கள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் காலப்போக்கில் கெட்டு, விளையாட்டுகள் திடீரென மூடிக்கொள்ளும் பிரச்சினை 2024-இல் பெரிதாக வெடித்தது. இன்டெல் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. பழைய பொருளாக அவற்றை வாங்குகிறவர் முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்று தெரியாமல் வாங்குகிறார். 12400எஃப்-க்கு இந்தப் பிரச்சினை இல்லை.

13400எஃப், 14400எஃப் இரண்டிலும் இதே ஆறு கோரோடு நாலு சின்ன கோர் கூடுதல். விளையாட்டில் கிடைக்கும் வேகம் கொஞ்சம்தான். விளையாடிக்கொண்டே ஸ்ட்ரீம் செய்பவர் தவிர மற்றவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கார்டுக்குக் கொடுக்கலாம்.

## ரைசன் 5 5600: உங்கள் பழைய கணினிக்குள் என்ன இருக்கிறது?

புதிதாக எல்லாவற்றையும் வாங்குகிறவருக்கு 5600-க்கும் 12400எஃப்-க்கும் விளையாட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. சிலவற்றில் இது முந்தும், சிலவற்றில் அது. எந்தக் கூட்டுத்தொகை குறைகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெயரில்தான் வலை விரித்திருக்கிறார்கள். 5500, 5600, 5600எக்ஸ், 5600ஜி, 5600ஜிடி எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரியும். ஆனால் 5500, 5600ஜி, 5600ஜிடி மூன்றிலும் கேச் 16 எம்பிதான், 5600-இல் இருப்பதில் பாதி. தவிர, கார்டும் பிராசசரும் பேசிக்கொள்ளும் இணைப்பான பிசிஐஇ-யில் அவை 3.0 வரை மட்டுமே போகும். "ஸ்டாக் இல்ல சார், 5600ஜி எடுத்துக்கோங்க, அதுல கிராஃபிக்ஸும் சேர்ந்தே வருது" என்று கடையில் சொன்னால் அதை இலவசச் சலுகை என்று நினைத்துவிடக் கூடாது. தனிக் கார்டு போடப்போகிறவருக்கு அது இறக்கம்.

பிசிஐஇ 3.0 என்றால் என்ன பெரிய நஷ்டம்? ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600 போன்ற நம் பட்ஜெட் கார்டுகள் 16 பாதை இருக்கும் இடத்தில் எட்டுப் பாதையை மட்டும்தான் பயன்படுத்துகின்றன. 4.0-இல் ஓடினால் எட்டே போதும். 3.0-இல் ஒவ்வொரு பாதையின் அகலமும் பாதி. கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பாதவரை ஒன்றும் தெரியாது. நிரம்பி வழியும்போது படம் திக்கித் திக்கி ஓடும். பிராசசர் 5600 ஆக இருந்தாலும் போர்டு ஏ520 அல்லது பி450 என்றால் இதே கதைதான். 4.0 வேண்டுமென்றால் பி550.

என் அக்கா மகன் கதைக்கு வருகிறேன். கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "இப்ப இருக்கிற கணினியில் என்ன பிராசசர்டா?" என்று கேட்டேன். தெரியவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து படம் அனுப்பச் சொன்னேன். ரைசன் 3 3200ஜி. 2019-இல் வந்த, நாலு கோர், நாலு திரெட் பிராசசர். கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. போர்டு பி450, ராம் எட்டு எட்டாக டிடிஆர்4 இரண்டு. அதாவது 5600-க்கு வேண்டிய எல்லாமே அவன் மேசைக்கடியில் ஏற்கெனவே இருந்தது. இரண்டு கடையிலும் அவனிடம் இதை யாரும் கேட்கவில்லை. அவர்கள் எதற்குக் கேட்பார்கள்!

ஏஎம்4 சாக்கெட்டின் அருமை இது. 2017-இல் முதல் ரைசன் வந்தபோது இருந்த அதே சாக்கெட். போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் பழைய போர்டுகள் பலவற்றில் 5000 வரிசை உட்கார்ந்துவிடும். ஆனால் வரிசையை மாற்றிச் செய்யக் கூடாது. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிவிட்டால் புதியதை அடையாளம் தெரியாத போர்டோடு உட்கார்ந்திருப்பீர்கள். சில பி450 போர்டுகளில் புதிய பயாஸ் ஏறியதும் சில பழைய பிராசசர்களுக்கான ஆதரவு போய்விடும். அதனால் போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பட்டியலைப் படித்துவிட்டே தொடுங்கள்.

## ரைசன் 5 7500எஃப், 7600: இன்று செலவு கூடுதல், நாளை குறைவு

ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. 2027-க்கும் அப்பால் இதை ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று ஆறு கோர் போட்டுவிட்டு நாலு வருடம் கழித்து அன்றைய நல்ல எக்ஸ்3டி (கேச் கூடுதலாக உள்ள ஏஎம்டி வகை) ஒன்றை அதே போர்டில் மாற்றிக்கொள்ளலாம். நீண்ட கணக்குப் போடுகிறவருக்கு இதுதான் என் முதல் தேர்வு. 144 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட திரையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், 12400எஃப், 5600 இரண்டையும் தெளிவாக முந்தும்.

விலை எங்கே ஏறுகிறது? டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும், பழைய ராமுக்கு வேலையில்லை. ராம் விலை சரிந்திருக்கும் காலத்தில் இது பொருட்டே இல்லை. விலை உச்சத்தில் இருக்கும்போது ராம் விலை பிராசசர் விலையையே மிஞ்சிவிடும். அப்போது ஏஎம்5-க்குப் போவது உங்கள் கார்டை ஒரு படி கீழே இறக்கிவிடும். கார்டை இறக்கித்தான் ஏஎம்5 வாங்க முடியும் என்றால் வேண்டாம் என்பது என் கருத்து. விலை குறைந்த ஏ620 போர்டு இந்த இரண்டுக்கும் தாராளமாகப் போதும். பிராசசரை ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) விடாது, ராமை அதன் முழு வேகத்தில் ஓட்ட விடும். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ராம் வேகம் 6000 என்றால் நிறைவு, அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெயருக்குத்தான்.

7500எஃப்-ஆ, 7600-ஆ? வேகத்தில் இரண்டும் ஒட்டிப்பிறந்தவை. 7600-இல் ஒரு சின்னக் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. விளையாட உதவாது, படம் காட்ட உதவும். இதை அற்பமாக நினைக்க வேண்டாம். கார்டு கெட்டு உத்தரவாதத்துக்கு அனுப்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். எஃப் என்று முடியும் பிராசசர் வைத்திருப்பவர் அதுவரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது கணினி, தீபாவளி போனஸில் கார்டு என்று தவணையில் சேர்ப்பவருக்கும் எஃப் ஆகாது. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று அதில் கேபிளைச் சொருகிவிட்டு, "கணினி ஆன் ஆகல மாமா" என்று அழைத்தவர்கள் உண்டு. அந்தத் துளைக்கு உயிர் பிராசசரில் இருந்துதான் வர வேண்டும்.

7500எஃப் பல இடங்களில் டிரேயாக விற்கிறது. பெட்டி கிடையாது, கூலர் கிடையாது. அதற்குத் தனியாக ஏறக்குறைய ரூ.2,000 வைக்க வேண்டும். பெட்டியோடு வரும் பிராசசருக்கு நிறுவனத்தின் மூன்று வருட உத்தரவாதம் உண்டு. டிரேக்குப் பொதுவாக விற்றவர்தான் பொறுப்பு. நானே ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று டிரே வாங்கினேன். பதினான்காம் மாதம் அது படுத்துவிட்டது. கடைக்காரர் பில்லைப் புரட்டிப் பார்த்து, "ஒரு வருஷம்னு சொல்லித்தானே கொடுத்தோம்" என்றார். பில்லின் மூலையில் பேனாவால் எழுதியும் இருந்தது. வாங்கும்போது நான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் விலை வித்தியாசம் கூலர் விலையைவிடக் குறைவாக இருந்தால் யோசிக்காமல் பெட்டிதான்.

முதல்முறை ஏஎம்5 கணினியை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரையில் ஒன்றுமே வராது. ராமோடு பழகிக்கொண்டிருக்கும். பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

## எக்ஸ்3டி: ஆசையும் அளவும்

7800எக்ஸ்3டி 2023 ஏப்ரலில் 449 டாலருக்கு வந்தது. 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி 479 டாலருக்கு. அதே 2023-இல் ரைசன் 5 7600 அறிமுகமான விலை 229 டாலர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிடைக்கும் வேகமும் இரண்டு மடங்கா என்றால், இல்லை. 1440 ரெசல்யூஷனில் நடுத்தரக் கார்டோடு ஆடினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாமல் போகலாம். கார்டுதான் அங்கே முடிவு செய்கிறது.

யாருக்கு இது சரி? 240 ஹெர்ட்ஸ் திரை வைத்துக்கொண்டு போட்டிகளில் ஆடுகிறவருக்கு. விமானம் ஓட்டும் சிமுலேட்டர், ஆயிரக்கணக்கான உருவங்கள் நடமாடும் உத்தி விளையாட்டுகள் ஆடுகிறவருக்கு. ஏற்கெனவே விலையுயர்ந்த கார்டு வைத்திருப்பவருக்கு. மற்றவர்களிடம் இதை வாங்கும்படி யாராவது சொன்னால், சொல்பவர் விற்பவராகத்தான் இருப்பார்.

இதற்குக் கூலர் தனி. பிராசசர் கேட்கும் கரண்ட் உண்மையில் அதிகமில்லை. ஆனால் இதற்கு ஜோடியாகப் போடும் கார்டு 300 வாட் கேட்கும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். விளையாட்டின் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். ஆக, பவர் சப்ளையும் யுபிஎஸ்ஸும் சேர்த்தே மாற வேண்டியிருக்கும். 12400எஃப் அல்லது 5600-உடன் 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் அதே யுபிஎஸ் கணினியை முறையாக மூடும்வரை தாக்குப்பிடிக்கும்.

பழைய ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்காக 2024 ஜனவரியில் 249 டாலருக்கு வந்த 5700எக்ஸ்3டி அருமையான பொருள். 96 எம்பி கேச்சோடு பழைய போர்டிலேயே உட்காரும். இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. நியாயமான விலையில் உத்தரவாதத்தோடு கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

## கார்டே இல்லாமல்: 8600ஜி

பணம் இப்போது ஒரு கார்டுக்கு இல்லை, ஆனாலும் விளையாட வேண்டும் என்பவருக்கு. வாலரண்ட், ஜிடிஏ 5 எல்லாம் 1080-இல் அமைப்பைக் குறைத்து நன்றாகவே ஆடலாம். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, கணினியின் ராமைத்தான் பங்கு போடும். அதனால் ராம் கட்டாயம் இரண்டு துண்டாக இருக்க வேண்டும். 16 ஜிபி ஒரே துண்டாகப் போட்டுத் தருவது நம் ஊர்க் கடைகளின் வழக்கம். இந்தப் பிராசசரில் அப்படிப் போட்டால் வேகத்தில் பெரும்பகுதி போய்விடும். மற்ற பிராசசர்களிலும் அது நல்லதல்ல.

இதன் சங்கடம், பின்னால் கார்டு வாங்கியதும் 16 எம்பி கேச் பிராசசரோடு நிற்பீர்கள். ஒரு வருடத்துக்குள் கார்டு நிச்சயம் என்றால் 7600 எடுத்துக்கொண்டு அதுவரை பொறுத்திருப்பது மேல்.

## 'ஐ7 கேமிங் பிசி', மிகக் குறைந்த விலையில்

முகநூலிலும் தெருவோரப் பலகையிலும் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 2011-இன் ஐ7-2600 அல்லது 2012-இன் ஐ7-3770. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளில் இருந்து எடுத்தது. ஐ7 என்ற ஸ்டிக்கர் பளபளக்கும். ஆனால் அவற்றுக்கு ஏவிஎக்ஸ்2 என்ற கணக்குக் கட்டளைகள் தெரியாது, நாலாம் தலைமுறையில்தான் அவை வந்தன. ஏவிஎக்ஸ்2 கட்டாயம் என்று கேட்கும் விளையாட்டுகள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-க்கு முறைப்படி எட்டாம் தலைமுறை வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். நாலு கோர் ஐ3-12100எஃப், இந்த ஐ7-களை வேகத்தில் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தலைமுறை எண்ணைக் கேட்காமல் ஐ3, ஐ5, ஐ7 என்று மட்டும் கேட்பது, வண்டி எந்த வருடத்து மாடல் என்று கேட்காமல் வாங்குவது போல.

## அவன் என்ன செய்தான்

அவனுடைய திரை 165 ஹெர்ட்ஸ், பாதி நேரம் வாலரண்ட். இரண்டு கொட்டேஷனையும் கிழித்துப் போடச் சொன்னேன். பெட்டியோடு ஒரு 5600 மட்டும் வாங்கினான். பி450 போர்டு என்பதால் பிசிஐஇ 3.0-தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவன் ஆடும் விளையாட்டுகளுக்கு அது உறைக்காது. மிச்சமான தொகையில், எல்லாவற்றையும் புதிதாக வாங்கியிருந்தால் எட்ட முடியாத கார்டு ஒன்று வந்தது. பழைய 450 வாட் பவர் சப்ளையை மட்டும் மாற்ற வைத்தேன், ஆறு வருடப் பொருளை நம்பிப் புதுக் கார்டை மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

பயாஸ் புதுப்பிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும் என்பதால் யுபிஎஸ்ஸில் மாட்டி, அக்காவை மிக்ஸி போடாமல் பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னோம். பிராசசரை மாற்றிய பிறகு ராம் 2400-இலேயே ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் 3200 என்று போட்டிருந்தும் ஆறு வருடமாக அப்படியேதான் ஓடியிருக்கிறது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற, ராமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் ஒரே ஒரு அமைப்பை ஆன் செய்தோம்.